குஞ்ச டியூலிப் பூக்காத வருடம்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். உனக்கு எழுத வேண்டும் என்று நாலு தரம் காகிதம் எடுத்தேன், நாலு தரமும் மடித்து வைத்தேன். இப்போது தள்ளிப்போட முடியாது. நேற்றுக் காலை, நம் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்ற நேரத்தில், நான் ஒரு காரியம் செய்தேன். பார்த்தவர்கள் நூறு பேருக்குக் குறையாது. அவர்களில் யாருக்காவது நீ இருக்கும் உடப்புசல்லாவைப் பக்கம் சொந்தபந்தம் இருக்கும். அவர்கள் வாயிலிருந்து உனக்கு வருவதற்கு முன்னால் என் கையிலிருந்து வர வேண்டும். அதனால்தான் தபாலில் போடாமல் பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நடுவில் கோபம் வரும். வந்தாலும் கடைசிவரை படி.

அன்றைக்கு நீ எவ்வளவு சந்தோஷமாக வந்தாய்! சட்டையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் வந்து உட்கார்ந்தாய். நீ படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளை மடுவத்தில், தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். சரோஜா என்றாய். "அவங்க அப்பா முந்தி நம்ம தோட்டத்துப் பங்களாவுலதான் பூந்தோட்டம் பாத்தாராம்மா. வேலாயுதம்னு பேரு. உங்களை நல்லாத் தெரியும்னு சொன்னாரு" என்றாய். என் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. நீ அதைக் கவனிக்கவில்லை. அவர்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், உன்னைக் கட்டினால் அவள் இங்கேயே இருக்கலாம் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். அப்போதுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "நாடில்லாத குடும்பத்துப் பொண்ணு நமக்கெதுக்கு? நாளைக்கு அவளைக் கப்பலேத்துவாங்க, நீயும் பின்னாலயே ஓடுவியா?" நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அம்மா, இது நீங்களா பேசுறீங்க?" என்று கேட்டாய். உன்னிடம் பிரஜாவுரிமைக் காயிதம் இருப்பதால் எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நினைத்துப் போய்விட்டாய். அதில்லை தம்பி. அந்த மனிதரின் முகத்தை ஒரு கல்யாணப் பந்தலில் எதிரெதிரே நின்று பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஏன் இல்லை என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

நீ இப்போது பார்க்கும் வேலாயுதம் முட்டி வீங்கித் தடியூன்றி நடக்கிறவர். நான் அறிந்தவர் வேறு ஆள். பங்களாப் பூந்தோட்டத்தில் காலை பனியோடு இறங்கினால் பத்து மணிக்குத்தான் முதுகை நிமிர்த்துவார். கொழுந்துக் கூடை தூக்குவதற்கு முன்னால், நான் அப்போது பங்களாக் குசினியில் இருந்தேன். சமைப்பது அப்பு என்கிற சமையல்காரரின் வேலை. சாமான் அறையும், மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ் பெட்டியும் என் பொறுப்பு. இரண்டின் சாவியும் என் இடுப்பில்தான் இருக்கும். வேலாயுதத்தை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் சம்சாரம் காமாட்சி அக்கா நமக்கு இரண்டு காம்பரா தள்ளி, அதே லயத்து வரிசை வீடுகளில் இருந்தார். சரோஜா அப்போது மூக்கொழுகிக்கொண்டு நம் வாசலில் விளையாடிய சின்னப் பெண். உனக்கு நினைவிருக்காது.

தோட்டத்துத் துரையின் சம்சாரமான அந்தத் தொரசாணிக்கு நுவரெலியாவில் சித்திரை மாதம் நடக்கும் பூக்கண்காட்சிதான் உயிர். ஒரு வருடம் ஹாலந்திலிருந்து கப்பலில் ஒரு பெட்டிக் கிழங்கு வரவழைத்தார். பார்க்கப் பெரிய வெங்காயம் மாதிரி இருந்தது. டியூலிப் என்றார். அதிலும் இது சாதாரண டியூலிப் இல்லையாம். பூத்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. இளஞ்சிவப்பில் கிண்ணம் மாதிரி ஒரு பூ, அதன் இதழோரம் முழுக்க நறுக்கி நறுக்கி விட்டது போல மெல்லிய இழைகள், சேலை முந்தானையில் குஞ்சம் கட்டின மாதிரி. காலையில் ஒவ்வொரு இழை நுனியிலும் ஒரு சொட்டுப் பனி நிற்கும். வேலாயுதண்ணன்தான் அதற்குக் குஞ்சப் பூ என்று பேர் வைத்தார். அறுபது கிழங்கில் இரண்டு மூன்றைத் தவிர எல்லாம் பூத்தது. கண்காட்சியில் தொரசாணிக்கு முதல் பரிசு. அண்ணனுக்குத் துரையின் பழைய கம்பளிச் சட்டை ஒன்று கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்த அன்றைக்கு அவர் நடையே வேறாக இருந்தது.

நம் மலையில் எவ்வளவு குளிர் இருந்தாலும் அந்தக் கிழங்குக்குப் போதாது. ஐப்பசியில் பெட்டி வந்ததும் உலர்ந்த மரத்தூளில் போட்டு ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் மூன்று மாதத்துக்கு மேல் வைக்க வேண்டும். தை பிறந்து, புல்லில் உறைபனி விழும் நாட்களில்தான் மண்ணுக்குள் வைப்பார்கள். ஏனென்று நான் கேட்டதற்கு அண்ணன் சொன்னார்: "இதுக்குப் பெரிய பனிக்காலம் ஒண்ணு வந்து போகணும்மா. இல்லேன்னா தூங்கிக்கிட்டே இருக்கும். நாமதான் பனி முடிஞ்சிருச்சுன்னு அதை நம்ப வைக்கணும்." பாத்தி வெட்டுவதற்கு அவர் எடுக்கும் பாடு எனக்குத் தெரியும். முள்ளம்பன்றி தோண்டித் தின்னாமலிருக்க அடியில் கம்பி வலை, அதன்மேல் மக்கின இலை, சாம்பல், தண்ணீர் தேங்காமல் இருக்க ஆற்று மணல். நடுப்பகல் வெயிலுக்கு மானாப்புல்லில் தட்டி கட்டிப் போடுவார், சாயங்காலம் எடுத்துவிடுவார்.

இரண்டாம் வருடம் தொரசாணி இரண்டு மடங்கு கிழங்கு வரவழைத்தார். கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்களைக் கண்காட்சிக்கு அழைத்திருந்தார். கிழங்கை ஐஸ் பெட்டியில் வைத்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, கீழ்த்தட்டைக் காட்டி, அவருக்கு வந்த தமிழில் சொன்னார்: "இதிலே பழம் இல்லே. ஒரு பழமும் இல்லே. யாரும் தொறக்க வேணாம். புரியுது?" புரிகிறது என்று தலையாட்டினேன். வாசனைக்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த மார்கழியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அப்போது உனக்கு நாலு வயது. காய்ச்சல் விட்ட பிறகும் வாய் கசக்கிறது என்று ஒன்றும் தின்னமாட்டேன் என்றாய். கஞ்சியைத் துப்பினாய். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. பங்களாவுக்குக் கிறிஸ்துமஸுக்காகக் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி ஆப்பிள் வந்திருந்தது. பிரித்துப் பார்த்ததில் ஆறு பழம் அடிபட்டுக் கருத்திருந்தது. தூக்கி எறியச் சொன்னார்கள். நான் எறியவில்லை. பங்களாவிலிருந்து எறிகிற சாமானைக் கொண்டுபோவதும் திருட்டுத்தான். எனக்கு முன்னால் இருந்த ஆயா ஒரு துண்டுக் கேக்குக்காக வேலையை இழந்தவள். ஆறு பழத்தையும் ஒரே நாளில் கொண்டுபோக முடியாது. ஒளித்து வைக்கவும் இடமில்லை. யாரும் திறக்கக்கூடாது என்று தொரசாணியே சொன்ன இடம் ஒன்றுதான் இருந்தது. கிழங்குக்குப் பின்னால், மரத்தூளுக்குள் செருகி வைத்தேன். மூன்று நாளுக்கு ஒன்றாக மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். கருத்ததை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை உனக்குக் கீற்றுக் கீற்றாகக் கொடுத்தேன். நீ விதையைக்கூட விடவில்லை. கடைசிப் பழத்தை எடுத்தபோது பதினேழு நாள் ஆகியிருந்தது. நீ எழுந்து நடந்தாய். நான் அதைப் பற்றி அப்புறம் நினைக்கவே இல்லை.

தை மாதம் நட்டார்கள். மாசியில் இலை வந்தது, தடித்த, சாம்பல் பூத்த பச்சை இலை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பங்குனி பிறந்தும் மொட்டுத் தெரியவில்லை. ஒருநாள் காலை நான் குசினி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அண்ணன் பாத்தியில் முழங்காலிட்டு, நகத்தால் ஒரு செடியின் இலைகளை மெதுவாக விரித்துக்கொண்டிருந்தார். விரித்தவர் அப்படியே இருந்தார். அடுத்த செடிக்குப் போனார். அதற்கடுத்ததற்கும் போனார். பிறகு குசினி வாசலுக்கு வந்து குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டார். கொடுத்த கோப்பையைக் குடிக்காமல் படியில் வைத்தார். "என்னண்ணே?" என்றேன். உள்ளங்கையைத் திறந்து காட்டினார். வெங்காயச் சருகு மாதிரி, பழுப்பாக, சுண்டுவிரல் நகமளவு ஒன்று. "இதாம்மா மொட்டு. உள்ளேயே செத்துப்போச்சு. எல்லாத்துலயும் இப்படித்தான் இருக்கு" என்றார். பத்து நாள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றாவது தப்பியிருக்கும் என்று தினமும் தேடினார். ஒன்றும் தப்பவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொரசாணி தானே வந்து பார்த்துவிட்டார். அன்றைக்குப் பகல் பங்களா விறாந்தையில் நடந்தது எனக்கு ஒரு வரி விடாமல் நினைவிருக்கிறது. துரை நாற்காலியில் இருந்தார். தொரசாணி ஒரு தடித்த புத்தகத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார். அண்ணன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்குக் கீழே நின்றார். நான் தேநீர்த் தட்டோடு போனேன். போன வருடம் பூத்தது, இந்த வருடம் ஏன் பூக்கவில்லை என்று துரை கத்தினார். நல்ல கிழங்கை வேறு பங்களாத் தோட்டக்காரனுக்கு விற்றுவிட்டு, பழைய கிழங்கைத் தோண்டி வைத்துவிட்டாய் என்றார். அண்ணன், "சாமி சத்தியமா இல்லீங்க தொரை, நீங்க குடுத்ததைத்தான் வச்சேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தொரசாணி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்தார். பழத்தோடு வைத்தால் கிழங்குக்குள்ளேயே மொட்டுச் செத்துவிடும் என்று போட்டிருக்கிறதாம். "நீ சொல்லு. உள்ளே பழம் போச்சா?"

நான் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யோசிக்கக்கூட இல்லை, தம்பி. அதுதான் இன்னும் என்னைச் சுடுகிறது. அந்த வாரம்தான் தொரசாணி நம் பிரஜாவுரிமை மனுவுக்கு ஒரு நற்சாட்சிக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அது மட்டும் மனதில் ஓடியது. "இல்லீங்க தொரசாணி" என்றேன். உடனே கீழே நின்ற அண்ணன் எனக்காகப் பேசினார். "அவங்க செய்யமாட்டாங்கம்மா. அந்தப் பொட்டிய அவங்க எவ்வளவு சுத்தமா வச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். பழமெல்லாம் வச்சிருக்கமாட்டாங்க" என்றார். தன்னைத் திருடன் என்று சொல்கிறவர்களிடம் நின்று, எனக்குச் சாட்சி சொன்னார். தப்ப வழியிருந்த ஒரே கதவைத் தன் கையாலேயே சாத்திக்கொண்டார். நான் தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

மறுநாள் வேலைப் பதிவிலிருந்து அவர் பேரை வெட்டினார்கள். லயக் காம்பராவை விடச் சொல்லி மூன்று நாள் கொடுத்தார்கள். அன்றிரவே உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பாயில் எழுந்து உட்கார்ந்தார். "இப்பப் போய்ச் சொன்னா ஒன் பேரையும் வெட்டுவாங்க, என் பேரையும் வெட்டுவாங்க. புள்ளைய எங்க கொண்டு போறது? வாயத் தொறக்காத" என்றார். அப்பா இறந்து ஒன்றரை வருடமாகிறது. பழியை அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். மூன்றாம் நாள் மழையில் அவர்கள் கிளம்பினார்கள். காமாட்சி அக்கா தன் அம்மிக்கல்லைத் தூக்க முடியாமல் நம் வாசலில் கொண்டுவந்து இறக்கினார். "நல்ல கல்லு, வச்சுக்கங்க. யாருக்கோ விட்டுட்டுப் போறதுக்கு உங்ககிட்ட இருக்கட்டும்" என்றார். உனக்கு நான் அரைத்துக் குழம்பு வைத்ததெல்லாம் அந்தக் கல்லில்தான்.

அதோடு முடியவில்லை. நமக்குத் தொரசாணியின் கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்த்தான் விசாரணையில் காட்டினோம். நம் மனு பாஸானது. நீ ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போட முடிந்தது அந்தக் காயிதத்தால்தான். அண்ணனும் நம்மோடு சேர்ந்துதான் மனுப் போட்டிருந்தார். அவரை விசாரணைக்கு வரச்சொல்லி வந்த கடிதம் நம் தோட்டத்து விலாசத்துக்கு வந்தது. ஆபீஸில் அவர் எங்கே போனார் என்று தெரியாது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அப்போது உடப்புசல்லாவையில் மச்சான் காம்பராவில், பதிவில்லாமல், ஒண்டிக்கொண்டிருந்தார். கூப்பிட்ட நாளில் வரவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். இது எனக்கு இரண்டு வருடம் கழித்துக் காதில் விழுந்தது. அப்போதும் நான் பேசவில்லை.

இந்தத் தோட்டத்தில் ஒரு பேச்சு இருக்கிறதே, உனக்குத் தெரியும். லயத்தில் ஏதாவது காணாமல் போனால், "வேலாயுதம் கொண்டு போயிருப்பான்" என்று சிரிப்பார்கள். ஆளை அறியாத பிள்ளைகள்கூடச் சொல்லும். ஒருநாள் உன் சிலேட்டுக் குச்சியைக் காணவில்லை என்று தேடிக்கொண்டே நீயும் அதைச் சொன்னாய். அது யார் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உன் வாயில் ஓர் அடி போட்டிருக்க வேண்டும், அல்லது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். குச்சியைத் தேடித் தந்தேன், அவ்வளவுதான். நான் உனக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லாதவள். ஆனாலும் ஒன்று சொல்கிறேன். யாராவது உன்னை நேராகக் கேட்டால் அந்த இடத்திலேயே சொல்லிவிடு. மறுநாள் சொல்லப் போனால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும். ஒரு வருடம் போய்விட்டால் சொல்ல வேண்டியது மலை மாதிரி ஆகிவிடும். அதைப் பார்த்தே பயந்து உட்கார்ந்துவிடுவாய்.

நீ கோபித்துப் போன பத்தாம் நாள், உனக்குத் தெரியாமல், நான் உடப்புசல்லாவைக்கு பஸ் ஏறினேன். நீயும் சரோஜாவும் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பகலில் போனேன். காமாட்சி அக்கா சாப்பாட்டுக்காகக் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அப்போதுதான் காம்பராவுக்கு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வாங்க, வாங்க! இத்தன வருசத்துக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சா?" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். கல்யாணம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தார். "எங்களுக்குச் சந்தோசந்தாங்க. ஆனா எங்ககிட்ட காயிதம் இல்ல, அது உங்களுக்குப் பரவாயில்லையான்னுதான் இவரு கெடந்து தவிக்கிறாரு" என்றார். அண்ணன் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் தேநீரைத் தொடவில்லை.

"அண்ணே, அந்த வருசம் குஞ்சப் பூ பூக்காமப் போனது என்னாலதான். கெழங்குத் தட்டுல ஆப்பிள ஒளிச்சு வச்சேன். தொரசாணி கேட்டப்ப இல்லேன்னு பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு, "எத்தன பழம்?" என்றார்.

"ஆறு."

"எத்தன நாளு இருந்துச்சு?"

"பதினேழு நாளு."

"முழுப் பழமா, அடிபட்டதா?"

"அடிபட்டதுண்ணே."

கண்ணை மூடிக்கொண்டார். பிறகு என்னிடம் இல்லை, சம்சாரத்திடம் சொன்னார்: "அப்ப மண்ணு இல்ல, காமாட்சி. மண்ணு இல்ல." எனக்கு விளங்கவில்லை. பிறகு அவரே சொன்னார். முதல் வருடம் பெரிய ஆற்றிலிருந்து மணல் சுமந்து வந்தாராம். இரண்டாம் வருடம் சரோஜாவுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிட்டத்திலிருந்த ஓடை மணலை அள்ளிப் போட்டுவிட்டாராம். அந்த மணலில் ஏதோ இருந்துதான் மொட்டுக் கருகியது, தன் சோம்பலால்தான் குடும்பம் தெருவுக்கு வந்தது என்று பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதன்பிறகு எந்தச் செடியையும் அவர் கையால் நடவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கீரைகூட இல்லை. "இந்தக் கை செத்த கைன்னு நெனச்சேம்மா" என்றார்.

அப்போதுதான் காமாட்சி அக்கா எழுந்தார். என் முன்னால் இருந்த தேநீரை எடுத்து வாசல் சாக்கடைக் கானில் ஊற்றினார். "என் அம்மிக்கல்லு இன்னும் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "எப்படிடி அதுல கை வச்சு அரைச்ச?" கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

நான் அண்ணன் காலில் விழப் போனேன். அவர் தடியால் தரையைத் தட்டித் தடுத்தார். "மன்னிப்புன்னு மட்டும் கேட்டுறாதீங்க. எனக்கு அதக் குடுக்க மனசு வராது. பொய்யா மன்னிச்சேன்னு சொல்லவும் வராது" என்றார். பிறகு நிதானமாக இரண்டு காரியம் சொன்னார். "என்னைத் திருடன்னு சொன்ன தோட்டத்துல, அத்தன பேருக்கு முன்னால, நீங்க வாயத் தொறந்து சொல்லணும். அப்புறம் உங்க மகன்கிட்டச் சொல்லணும். அவரு எம் மககிட்டச் சொல்லணும். ரெண்டு பேரும் தெரிஞ்சுக்கிட்டு வந்து நின்னா, அப்ப நான் பேசுறேன். மூடி வச்சு எம் புள்ளையக் குடுக்கமாட்டேன். நானும் அவகிட்டச் சொல்லமாட்டேன். அது உங்க வேலை."

திரும்பி வந்து பதினொரு நாள் எனக்குத் தைரியம் வரவில்லை. நேற்றுத்தான் வந்தது. கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடத் தொடங்குமுன் முன்னால் போய் நின்றேன். "என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?" என்றார். இல்லை, ஒரு பேச்சு இருக்கிறது என்றேன். "பங்களா வேலாயுதத்தைக் கெழங்குத் திருடன்னு பேர் வெட்டினாங்க. அவரு ஒரு கெழங்கையும் திருடல. பழத்தைத் திருடி உள்ள வச்சு அந்தப் பூவைக் கெடுத்தது நான். கேட்டப்பப் பொய் சொன்னதும் நான்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும். பக்கத்து லயத்துக் கிழவி ஒருத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இப்பச் சொல்லி யாருக்கு என்ன பிரயோசனம்?" என்றாள். பின்னாலிருந்து ஒரு பையன் பழக்கத்தில், "வேலாயுதம்..." என்று தொடங்கினான். பக்கத்தில் நின்ற அவன் அப்பா தலையில் ஒன்று போட்டார். பிறகு பேர் கூப்பிட்டார்கள். எல்லாரும் கூடையை எடுத்துக்கொண்டு மலையேறினார்கள். என்னோடு யாரும் நடக்கவில்லை. தனியாக ஏறினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

இனி உன் காரியம். ஆப்பிளை நீ கேட்கவில்லை. ஒரு பிள்ளைக்குத் தின்னக் கொடுத்ததை அந்தப் பிள்ளையின் குற்றமாக்க யாராலும் முடியாது. நீயும் அதைச் சுமக்காதே. ஆனால் உன்னிடம் இருக்கும் காயிதம் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு அதை வைத்திரு. சரோஜா உன்னைக் கட்டிக்கொண்டு இங்கே இருக்கிறேன் என்றால் அவளை நீ காப்பாற்றியதாக ஒருநாளும் நினைக்காதே, சண்டையில்கூடச் சொல்லிவிடாதே. அவளுக்குச் சேர வேண்டியிருந்ததைத்தான் அவள் வாங்கிக்கொள்கிறாள். அப்பா அம்மாவோடு இந்தியாவுக்குப் போகிறேன் என்று அவள் சொன்னால் மறிக்காதே. நீயும் கூடப் போகிறேன் என்றால் போ. அம்மா தனியாக இருப்பாள் என்று என்னைச் சாக்குச் சொல்லி நிற்காதே. எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறது, கொழுந்தெடுக்கத் தெரியும். கல்யாணம் இங்கே நடந்தால் பந்தலுக்கு நான் வருவதா வேண்டாமா என்பதை நீ முடிவு செய்ய வேண்டாம். காமாட்சி அக்கா முடிவு செய்யட்டும். அவர் வரவேண்டாம் என்றால் நான் வரமாட்டேன். அதற்காக நீ அவரிடம் போய்ப் பரிந்து பேசாதே.

இந்தக் கடிதத்தைச் சரோஜாவிடம் கொடு. நீ வாயால் சொன்னால் எனக்காக எங்கேயாவது ஒரு சொல்லைக் குறைத்துவிடுவாய். அதனால் அவளே படிக்கட்டும். அவள் படிக்கும்போது நீ பக்கத்தில் இருக்காதே. உன் முகத்தைப் பார்த்தால் அவள் கோபத்தை விழுங்கிவிடுவாள். அவள் விழுங்கக் கூடாது. கொடுத்துவிட்டு வெளியே வந்து நில். எவ்வளவு நேரமானாலும் நில். அவளாக வந்து கதவைத் திறக்கும்வரை தட்டாதே.

உன் அம்மா.